ஸ்மித்–வெயிட் நூற்றாண்டு டாரட் கட்டு: பிங்க் தேடுபவர்கள் வாங்கலாமா?

படச் சீட்டுகளை வைத்துப் பலன் சொல்லும் டாரட்டின் வகுப்புகளில் நிறங்களுக்கு ஒரு பட்டியல் கொடுப்பார்கள். சிவப்பு ஆசை, நீலம் அமைதி, மஞ்சள் அறிவு, பிங்க் அன்பு. அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ரைடர்–வெயிட்–ஸ்மித் என்ற பிரபலமான டாரட் கட்டைத் தரையில் பரப்பினால் முதல் மூன்று நிறங்களுக்கும் வேலை இருக்கும். பிங்க் மட்டும் பிடிகொடுக்காது. ரோஜாக்களுக்குப் பஞ்சமில்லை, ஆனால் எல்லாம் ஒன்று சிவப்பு, இல்லையென்றால் வெள்ளை. மஜிஷியன் தலைக்கு மேல் படர்ந்திருப்பது சிவப்பு ரோஜா. ஃபூல் கையில் இருப்பதும் டெத் சீட்டின் கறுப்புக் கொடியில் இருப்பதும் வெள்ளை ரோஜா. நைன் ஆஃப் ஸ்வோர்ட்ஸில் தூக்கமில்லாமல் உட்கார்ந்திருப்பவரின் போர்வையில் சிவப்பு ரோஜாக்கள். காதலுக்கே உரிய லவ்வர்ஸ் சீட்டில் தேவதையின் ஆடை ஊதா.

அப்படியானால் இந்தக் கட்டில் பிங்க் எங்கேதான் இருக்கிறது? நீங்கள் எந்தப் பதிப்பை வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். இந்த விமர்சனம் முக்கியமாக யு.எஸ். கேம்ஸ் சிஸ்டம்ஸ் வெளியிட்ட ஸ்மித்–வெயிட் நூற்றாண்டுப் பதிப்பைப் பற்றியது. ஒப்பிடுவதற்கு அதே நிறுவனத்தின் மஞ்சள் டப்பா ரைடர்–வெயிட், யூனிவர்சல் வெயிட், ரேடியன்ட் ரைடர்–வெயிட் ஆகிய மூன்றும். கூடவே விற்கப்படும் பிங்க் மெழுகுவர்த்தி, ரோஸ் குவார்ட்ஸ் பற்றியும் கொஞ்சம், ஏனென்றால் இந்த நிறத்துக்காகப் பணம் செலவழிப்பவர்கள் அவற்றையும் சேர்த்தே வாங்குகிறார்கள்.

முதலில் அச்சுக் கதை. லண்டனில் வில்லியம் ரைடர் அண்ட் சன் இந்தக் கட்டை 1909 டிசம்பரில் வெளியிட்டது. திட்டம் ஆர்தர் எட்வர்ட் வெயிட்டுடையது, ஓவியம் பமீலா கோல்மன் ஸ்மித்துடையது. வேலை முடிந்ததும், அந்த நவம்பரில், நியூயார்க்கில் இருந்த புகைப்படக் கலைஞர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸுக்குப் பமீலா ஒரு கடிதம் எழுதினார். பெரிய வேலை, கிடைத்த காசு மிகக் குறைவு என்று அதில் சொல்கிறார். சீட்டுகள் கல் அச்சில் வண்ணத்தில் வரப்போகின்றன, அநேகமாக மோசமாகத்தான் வரும் என்றும் சேர்த்துக்கொள்கிறார். வரைந்தவருக்கே வண்ண அச்சின் மேல் நம்பிக்கை இல்லை. மூல ஓவியங்கள் இன்றுவரை கிடைக்கவில்லை. ஆகவே அவர் மனதில் இருந்த பிங்க் எது என்று ஒப்பிட்டுப் பார்க்க யாரிடமும் எதுவும் இல்லை. நம் கையில் இருப்பதெல்லாம் அச்சுக்காரர் தந்த நிறம், அதன் மேல் பின்வந்த பதிப்பாளர்கள் செய்த திருத்தம்.

நூற்றாண்டுப் பதிப்பு 2009இல் பமீலாவின் நினைவுத் தொகுப்பின் பகுதியாக வந்தது, பிறகு தனியாகவும் விற்பனைக்கு வந்தது. 1909 கட்டின் நிறத்தையும் கோட்டையும் அப்படியே எடுத்துத் தருவதுதான் இதன் நோக்கம். மஞ்சள் டப்பாவில் சீட்டுப் பெயர்கள் அச்செழுத்தில் இருக்கும், இதில் பமீலாவின் கையெழுத்திலேயே இருக்கின்றன. நிறங்கள் மங்கலானவை, லேசாகப் பழுப்பு கலந்தவை. நீலம் சாம்பலை ஒட்டியும், மஞ்சள் கடுகு நிறத்தை ஒட்டியும் போகும்.

இப்போது நகைக்கடைக்காரர் பயன்படுத்தும் 10 மடங்கு லூப் (உருப்பெருக்கி) ஒன்றை எடுத்துக்கொண்டு, சன் சீட்டில் வெள்ளைக் குதிரை மேல் இருக்கும் குழந்தையின் கையைப் பாருங்கள். வெறும் கண்ணுக்கு அது ஒரே சீரான தோல் நிறம். லூப்பின் கீழ் அது உடைந்துவிடும். ஆஃப்செட் அச்சில் பிங்க்குக்கென்று பொதுவாகத் தனி மை கிடையாது. மெஜந்தா புள்ளிகளை இடைவெளி விட்டுத் தெளித்து, நடுவே கொஞ்சம் மஞ்சள் புள்ளி சேர்த்து, மீதியை வெள்ளைக் காகிதமே பார்த்துக்கொள்ளும். நூற்றாண்டுப் பதிப்பில் இரண்டு வகைப் புள்ளிகள் தெரியும். பெரிதாகவும் ஒழுங்கில்லாமலும் இருப்பது பழைய கல் அச்சின் புள்ளி, அது படத்தோடு படமாக ஸ்கேனில் வந்தது. அதற்குள் மிகச் சிறிதாக, வரிசை பிசகாமல் இருப்பது இன்றைய அச்சின் புள்ளி. கட்டிடம் கட்டினவன் பூச்சும் அதன் மேல் அடித்த சுண்ணாம்பும் ஒன்றாகத் தெரிகிற சுவர் மாதிரி. பார்க்க அழகு. ஆனால் பிங்க் வாசிக்க வந்தவருக்கு ஒரு சிக்கல்: மூலத் தாளின் பழுப்பும் சேர்ந்து வந்திருப்பதால் எல்லா பிங்க்கும் சால்மன் பக்கமோ பீச் பக்கமோ சாய்கிறது. தெளிவான ரோஜா நிறம் ஒரு சீட்டிலும் கிடைக்காது.

மற்ற மூன்றும் எப்படி? மஞ்சள் டப்பா 1971இலிருந்து விற்பனையில் இருக்கிறது. கறுப்புக் கோடு தடிமன், நிறம் தட்டை, தோலும் துணியும் ஒரே அழுத்தம். யூனிவர்சல் வெயிட் 1990இல் மேரி ஹான்சன்–ராபர்ட்ஸ் வண்ணம் தீட்டியது. கோடுகளை மென்மையாக்கி, கலர் பென்சில் சாயலில் நிழல் கொடுத்திருக்கிறார். கன்னத்தில் சிவப்பேறியிருக்கிற முகங்கள் வேண்டுமென்றால் இதுதான். ரேடியன்ட் 2003இல் விர்ஜினியுஸ் போஷ்குஸ் வண்ணமிட்டு வந்தது. நிறமெல்லாம் உச்சத்தில் இருக்கும், மேசையின் மறுபக்கம் உட்கார்ந்திருப்பவருக்கும் படம் நன்றாகத் தெரியும், ஆனால் சன்னமான வேறுபாடுகள் அதில் அடிபட்டுப் போகின்றன. கண்ணுக்கு இதமான பிங்க்கைத் தருவது யூனிவர்சல்தான், சந்தேகமில்லை. ஆனால் அது 1990இன் பிங்க். அதைக் காட்டி “வெயிட் இந்த இடத்தில் அன்பைக் குறிக்கிறார்” என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

எந்தப் பதிப்பானாலும் இந்தக் கட்டில் பிங்க் இரண்டே இடங்களில்தான் வருகிறது என்று வைத்துக்கொள்வது வாசிப்புக்கு நல்லது: உடம்பில், துணியில். இரண்டையும் கலந்து வாசிப்பதால்தான் குழப்பமே வருகிறது.

உடம்பை எடுத்துக்கொள்வோம். ஆடையில்லாத உருவங்கள் வரும் மேஜர் அர்கானா (கட்டின் 22 முதன்மைச் சீட்டுகள்) சீட்டுகளான லவ்வர்ஸ், டெவில், ஸ்டார், சன், ஜட்ஜ்மென்ட், வேர்ல்டு ஆறையும் ஒரே வரிசையில் வையுங்கள். லவ்வர்ஸில் நிற்கும் ஜோடியும் டெவிலில் சங்கிலி போட்டு நிற்கும் ஜோடியும் ஒரே தோல் நிறம்தான். டெவிலில் வால் முளைத்திருக்கிறது, கொம்பு முளைத்திருக்கிறது, நிறம் மாறவில்லை. பிங்க்குக்கு “தூய அன்பு” என்று பொருள் சொல்பவர்கள் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வார்கள். ஜட்ஜ்மென்ட்டில் சவப்பெட்டிகளிலிருந்து எழுந்து கை விரிப்பவர்கள் மட்டும் சாம்பல் நிறம். ஆறு சீட்டுகளையும் சேர்த்துப் பார்க்கும்போது தோல் நிறம் சொல்லும் சேதி ஒன்றுதான்: ரத்தம் ஓடுகிறதா இல்லையா. அதற்கு மேல் அதில் பொருள் தேட வேண்டியதில்லை. விதிவிலக்காக நிற்கும் சாம்பலைத்தான் வாசிக்க வேண்டும்.

துணிக்கு வந்தால் ஒரே ஒரு சீட்டில் நின்று பேசலாம், பேஜ் ஆஃப் கப்ஸ். கடலுக்கு முன்னால் நிற்கும் இளைஞன், கையில் கிண்ணம், கிண்ணத்திலிருந்து எட்டிப் பார்க்கும் மீன். மேலே பூப்போட்ட நீல அங்கி, அதற்குள்ளிருந்து வெளியே தெரியும் கையும் காலுறையும் பிங்க். மஜிஷியனோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவன் வெள்ளை உள்ளாடைக்கு மேல் சிவப்பு அங்கி போட்டிருக்கிறான். இரண்டு நிறமும் தனித்தனியாக, எல்லை கட்டி நிற்கின்றன. மேலே ரோஜா, கீழே ரோஜாவும் லில்லியும். வெயிட் அந்தப் பூக்களைக் காட்டுப் பூக்கள் தோட்டத்துக்கு வந்தவை என்றும், மேலான நாட்டத்தைப் பண்படுத்துவதன் அடையாளம் என்றும் எழுதியிருக்கிறார். ஹயரோஃபன்ட்டின் முன் மண்டியிட்ட இருவரில் ஒருவர் ஆடையில் ரோஜா, மற்றவர் ஆடையில் லில்லி. டூ ஆஃப் வாண்ட்ஸின் மதில் சுவரிலும் ரோஜாவும் லில்லியும் குறுக்காக. சிவப்பும் வெள்ளையும் ஒன்றையொன்று பார்த்து நிற்பதுதான் இந்தக் கட்டின் இலக்கணம். இரண்டும் கரைந்து ஒன்றாவது அபூர்வம். பேஜ் ஆஃப் கப்ஸில் அது நடக்கிறது. உணர்ச்சி வந்துவிட்டது, ஆனால் இன்னும் ஆசையாகத் திரளவில்லை, முடிவெடுக்கிற அறிவாகவும் மாறவில்லை. காதல் கேள்விக்கு இந்தச் சீட்டு விழுந்தால் “அன்பு இருக்கிறது” என்று மொட்டையாகச் சொல்லாமல் “எதிராளிக்கே இன்னும் பெயர் வைக்கத் தெரியாத ஓர் ஈர்ப்பு” என்று சொல்வது படத்துக்கு நெருக்கம்.

நடைமுறை இவ்வளவுதான். சீட்டில் பிங்க் கண்ணில் பட்டால் முதலில் தோலா துணியா என்று பாருங்கள். தோல் என்றால் விட்டுவிடுங்கள். துணி என்றால் அதே சீட்டில் சிவப்பு எங்கே, வெள்ளை எங்கே என்று தேடுங்கள். இரண்டும் தனியாக இருந்தால் பிங்க் இடையில் நிற்கும் தூதன். இரண்டும் இல்லாமல் பிங்க் மட்டும் இருந்தால் விஷயம் இன்னும் இளசு. இதற்கு நூற்றாண்டுப் பதிப்பின் மங்கிய நிறம் தடையில்லை, சொல்லப்போனால் உதவி. சிவப்புகள் அடங்கியிருப்பதால் சிவப்புக்கும் பிங்க்குக்கும் உள்ள தூரம் குறைவு, படிப்படியாக இறங்குவது தெரியும். ரேடியன்ட்டில் அந்தப் படிகளே இல்லை.

உடன் வரும் கையேட்டில் நிறத்துக்கு விளக்கம் எதிர்பார்க்க வேண்டாம். சீட்டுக்குச் சில வரி, நேராக விழுந்தால் ஒரு பொருள், தலைகீழாக விழுந்தால் ஒரு பொருள், அவ்வளவுதான்.

பிங்க்குக்கு உண்மையிலேயே விதிமுறை வேண்டும் என்பவர்கள் வேறு கட்டுக்குப் போக வேண்டும். வெயிட்டும் பமீலாவும் கோல்டன் டான் என்ற மாந்திரீகச் சங்கத்தில் உறுப்பினர்களாக இருந்தவர்கள். 1888இல் லண்டனில் தொடங்கிய அந்தச் சங்கம், யூத மறைஞானமான கபாலாவின் வாழ்வு மரம் என்ற வரைபடத்தில் உள்ள 10 கோளங்களுக்கும் 22 பாதைகளுக்கும் நான்கு வண்ண வரிசைகள் வகுத்து வைத்திருந்தது. அதில் தெளிந்த ரோஜா பிங்க் யாருக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது தெரியுமா? காதல் கிரகமான வீனஸுக்கு (சுக்கிரனுக்கு) இல்லை. ஆறாவது கோளமான திஃபெரெத்துக்கு, அதாவது சூரியனுக்கு. அதுவும் முதல் வரிசையில் மட்டும். இரண்டாம் வரிசையில் அதே கோளம் மஞ்சள், மூன்றாவதில் அடர்ந்த சால்மன், நான்காவதில் பொன் அம்பர். வரிசைக்கு ஒரு குலம் (சீட்டு வகை), ஆறாவது கோளத்துக்கு ஆறாம் எண் சீட்டு என்ற கணக்குப்படி வாண்ட்ஸ் ஆறுக்கு ரோஜா பிங்க், கப்ஸ் ஆறுக்கு மஞ்சள், ஸ்வோர்ட்ஸ் ஆறுக்கு சால்மன். விடியற்காலை வானத்தை நினைத்துக்கொண்டால் சூரியனுக்கு ஏன் பிங்க் என்பது புரியும். வீனஸின் பாதையான எம்ப்ரஸ் சீட்டுக்கு முதல் நிறம் மரகதப் பச்சை. ரோஜா நிறம் கடைசி வரிசையில்தான் எட்டிப் பார்க்கிறது.

இந்த வரிசைகளை ஸ்மித்–வெயிட் கட்டு பின்பற்றவில்லை. பின்பற்ற முயன்ற கட்டு தோத் டாரட். மாந்திரீகர் அலிஸ்டர் க்ரோலியும் ஓவியர் ஃபிரீடா ஹாரிஸும் 1938 முதல் 1943 வரை உழைத்தது, கட்டாக அச்சானது 1969இல். மூல ஓவியங்கள் லண்டன் வார்பர்க் நிறுவனத்தில் பத்திரமாக இருப்பதால் அச்சு பிசகினால் ஒப்பிட்டுத் திருத்த வழியிருக்கிறது. அதன் எம்ப்ரஸில் பச்சையும் ரோஜா நிறமும் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருப்பதைப் பார்த்தால், நிறத்தை யோசித்து வைத்த கை எப்படி இருக்கும் என்று தெரியும். நிறத்தையே முதன்மையாக வாசிக்க விரும்புபவருக்கு என் பரிந்துரை தோத்தான். தொடங்குபவருக்கு அது கடினம் என்பதையும் மறைப்பதற்கில்லை. 10 கோளங்களின் பெயரும் இடமும் மனப்பாடம் ஆகாமல் அந்த வண்ணங்கள் வாய் திறக்காது.

பிறகு பிங்க்குக்கு இந்த அன்புப் பட்டம் எங்கிருந்து வந்தது? பழைய ஐரோப்பிய மாந்திரீகத்தில் வீனஸுக்கு உலோகம் செம்பு, நாள் வெள்ளிக்கிழமை, நிறம் பச்சை. நம் நவகிரக வழிபாட்டில் சுக்கிரனுக்கு வெள்ளை வஸ்திரம். இரண்டு பக்கமும் பிங்க் இல்லை. பெண்மையோடு பிங்க்கை ஒட்டியதே 20ஆம் நூற்றாண்டு வேலை. 1918இல்கூட அமெரிக்கக் குழந்தைத் துணி வியாபாரப் பத்திரிகை ஒன்று பையனுக்கு பிங்க், பெண்ணுக்கு நீலம் என்று ஆலோசனை சொன்னது. சிவப்பு மெழுகுவர்த்தி காமம், பிங்க் மெழுகுவர்த்தி பாசம், நட்பு, தன்னன்பு என்ற பிரிவினை அதற்குப் பின் வந்த மெழுகுவர்த்தி மாந்திரீகத்திலும் விக்கா என்ற நவீன மாந்திரீக மதத்தின் வழக்கத்திலும் வளர்ந்தது. புதியது என்பதால் பொய் என்று சொல்ல வரவில்லை. ஆனால் 1909 கட்டின் மேல் அதை ஏற்றி வாசிப்பவர், தான் ஏற்றுகிறோம் என்று தெரிந்து ஏற்ற வேண்டும்.

மெழுகுவர்த்தி என்று வந்துவிட்டதால் அதையும் பார்த்துவிடுவோம். பிங்க் சடங்குக்கு அதிகம் விற்பது சைம் மெழுகுவர்த்தி, சுமார் 4 அங்குல உயரம், அரை அங்குல விட்டம். ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் எரிந்து முடிந்துவிடும் என்பதால், சடங்கை ஒரே உட்காரலில் முடிக்க விரும்புபவர்களுக்குத் தோது. வாங்கும்போது அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நடுவில் வெள்ளையும் ஓரத்தில் மட்டும் பிங்க்கும் இருந்தால் அது மேல்பூச்சு, வெள்ளை மெழுகுவர்த்தியை வண்ண மெழுகில் முக்கி எடுத்தது. எரிவதில் குறையில்லை. ஆனால் உருகிய மெழுகின் நிறத்தையும் வடிவத்தையும் வைத்துப் பலன் பார்க்கிறவர்களுக்கு அது ஏமாற்றும்: பிங்க் கரைந்து வெள்ளை மேலே வருவதை “கோபம் நீங்குகிறது” என்று எழுதி வைப்பார்கள், நடந்தது பூச்சு உருகியது மட்டும்தான். முழுக்க நிறம் ஏறிய மெழுகுவர்த்தியில் வேறு பிரச்சினை. எண்ணெயில் கரையும் சாயத்துக்குப் பதில் நிறமித் தூளைப் போட்டிருந்தால் தூள் திரியை அடைக்கும், சுடர் குறுகும், புகை கக்கும். “தடை இருக்கிறது” என்று பலன் சொல்வதற்கு முன் திரியை 6 மில்லிமீட்டருக்கு நறுக்கிவிட்டு மறுபடி ஏற்றிப் பாருங்கள். தேன்மெழுகில் பிங்க் கேட்காதீர்கள். அதன் இயற்கை மஞ்சளோடு சேர்ந்து பீச் நிறம்தான் வரும். பாரஃபின், சோயா, பாம் மெழுகுகளில்தான் பிங்க் பிங்க்காக நிற்கும்.

வழக்கமான முறை: கூரான ஊசியால் பெயரையோ ஒரு சொல்லையோ கீறுவது, இரண்டு முனையிலிருந்தும் நடுவை நோக்கி எண்ணெய் தடவுவது, வெள்ளிக்கிழமை வீனஸ் மணியில் ஏற்றுவது. எண்ணெய் விரலில் ஒட்டும் அளவு போதும், வழிந்தால் சுடர் எகிறும். காய்ந்த ரோஜா இதழை மெழுகுவர்த்தி மேல் ஒட்டிப் படம் போடுகிறார்களே, அதைச் செய்யாதீர்கள். இதழே இரண்டாவது திரியாகிவிடும். வேண்டுமென்றால் தட்டைச் சுற்றி, சுடருக்கு ஒரு சாண் தள்ளித் தூவுங்கள். நேரம் குறிக்க வெளிநாட்டு செயலி எதுவும் தேவையில்லை, வீனஸ் மணியும் நம் பஞ்சாங்கத்தின் சுக்கிர ஹோரையும் ஒரே கிரக வரிசை. ஒரே வித்தியாசம், நம் நாட்காட்டி 6 மணி முதல் 7 மணி என்று ஒரு மணி நேரமாகப் போடும், மேற்கத்திய முறை சூரிய உதயத்திலிருந்து மறைவு வரையுள்ள பொழுதைப் 12 சம பங்காக்கும். தை மாதத்தில் ஒரு பங்கு 60 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறையும்.

மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சீட்டு வாசிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சுடரின் நிற வெப்பநிலை 1900 கெல்வின் சுற்றுவட்டாரம், நல்ல ஆரஞ்சு. அதில் பிங்க்கும் பீச்சும் இளமஞ்சளும் ஒன்றாகிவிடும், நீலம் சாம்பலாகும். நூற்றாண்டுப் பதிப்பு ஏற்கெனவே மங்கல் என்பதால் இதில் மோசமாக அடிவாங்குவது அதுதான். 2700 கெல்வின் மஞ்சள் பல்பிலும் பாதி சிக்கல் இருக்கும். நிறத்தை வாசிப்பதென்றால் 5000 கெல்வின், நிறக்காட்டு எண் (CRI, நிறத்தை உள்ளபடி காட்டும் திறன்) 90க்கு மேல் உள்ள எல்.இ.டி., இல்லையென்றால் சன்னலோரப் பகல் வெளிச்சம். சுடர் அலங்காரத்துக்கு எரியட்டும்.

பகல் வெளிச்சம் என்றால் நேர் வெயில் இல்லை. அச்சு மைகளில் வெயிலுக்கு முதலில் தோற்பவை மஞ்சளும் மெஜந்தாவும், கறுப்பும் நீலமும் தாக்குப்பிடிக்கும். பிங்க் முழுக்க முழுக்க மெஜந்தாவை நம்பியிருப்பதால் “சூரிய சக்தி ஏற்றுவது” என்று கட்டை மொட்டை மாடியில் வைத்தால் முதலில் காணாமல் போவது பிங்க். பேஜ் ஆஃப் கப்ஸின் கையும் காலும் வெளிறி, நீல அங்கி மட்டும் அப்படியே நிற்கும். உப்புக்குள் புதைத்துச் சுத்திகரிப்பதும் கூடாது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பே நீர் விடத் தொடங்கும், சென்னையிலும் கொழும்பிலும் அது அன்றாடம். சாம்பிராணிப் புகை கொஞ்சம் காட்டுவதில் தவறில்லை, நெருங்கப் பிடித்தால் பூச்சில் எண்ணெய்ப் படலம் ஏறி எல்லாம் பழுக்கும். டப்பாவுக்குள் 5 கிராம் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று, ரப்பர் பேண்டுக்குப் பதில் துணி உறை, இது போதும். சீட்டு வில்லாக வளைந்தால் எதிர்ப்பக்கம் வளைக்காதீர்கள், முகமும் முதுகும் மாற்றி மாற்றி அடுக்கி ஒரு கனமான புத்தகத்தின் கீழ் இரண்டு நாள் வையுங்கள்.

ரோஸ் குவார்ட்ஸ் பற்றிச் சுருக்கமாக. உண்மையான கல் பெரும்பாலும் கலங்கலாக, பால் கலந்த மாதிரி இருக்கும். அந்த நிறம் உள்ளே பரவியிருக்கும் மிக நுண்ணிய கனிம இழைகளால் வருவது. கண்ணாடிபோல் தெளிவாக, பபிள்கம் நிறத்தில், உள்ளே வட்டக் குமிழியோடு இருந்தால் அது கண்ணாடியேதான். அசிட்டோன் தொட்ட பஞ்சால் துடையுங்கள், பஞ்சில் நிறம் ஏறினால் சாயம். விரிசல் கோடுகளில் மட்டும் நிறம் அடர்ந்திருந்தாலும் சாயம். குவார்ட்ஸின் கடினம் 7, சாதாரணக் கண்ணாடி பாட்டிலில் உரசினால் பாட்டிலில் கீறல் விழ வேண்டும். கல்லையும் வெயிலில் வைக்காதீர்கள், சில கற்கள் வெளிறும்.

மறுபடி கட்டுக்கு. பமீலா இறந்தது 1951இல். இந்தியச் சட்டப்படி 60 ஆண்டு கணக்கில் 2011 முடிவோடு அவருடைய மூலப் படங்களின் காப்புரிமை தீர்ந்தது, ஐரோப்பாவில் 2021 முடிவோடு. எனவே 1909 படங்களை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், அதில் குற்றமில்லை. யூனிவர்சல், ரேடியன்ட் இரண்டின் புது வண்ணம் வேறு கணக்கு, அதற்குத் தனி உரிமை இருக்கிறது. ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பவற்றில் பல, ஏதோ ஒரு பதிப்பை ஸ்கேன் செய்து, அதன் டப்பாவையும் பெயரையும் அப்படியே போட்டவை. நிறம் தேடுபவர் அதை வாங்கவே கூடாது. அச்சானதை மறுபடி ஸ்கேன் செய்யும்போது இளம் நிறங்கள்தான் முதலில் சிதையும், பிங்க் ஒன்று வெள்ளையாகிவிடும், இல்லை செங்கல்லாகிவிடும்.

கண்டுபிடிக்கச் சில வழிகள். அசல் மஞ்சள் டப்பா சீட்டு 70 × 120 மில்லிமீட்டர், அளவுகோல் வைத்துப் பாருங்கள். கையேட்டுக்குப் பதில் டப்பாவுக்குள் ஒரு க்யூ.ஆர். குறி மட்டும் இருந்தால் போலி என்று ஏறக்குறைய முடிவுகட்டலாம். டப்பாவில் ஐ.எஸ்.பி.என். எண் இல்லாவிட்டாலும் அப்படியே. பிறகு எண்ணுங்கள்: மேஜர் 22, நான்கு குலத்துக்கும் 14 வீதம் 56. போலிகளில் ஒன்று குறைவதும் ஒன்று இரட்டிப்பதும் உண்டு. ஜட்ஜ்மென்ட்டையும் சன்னையும் பக்கத்தில் வையுங்கள், எழுந்தவர்களின் சாம்பல் தோலும் குழந்தையின் தோலும் தெளிவாக வேறுபட வேண்டும். இரண்டும் ஒரே சேறாக இருந்தால் திருப்பி அனுப்புங்கள். உறையைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்து வைத்தால் பணம் திரும்பக் கேட்கச் சுலபம்.

நூற்றாண்டுப் பதிப்பின் மேல் எனக்குள்ள குறை நிறமில்லை, அட்டை. விலைக்கு மெல்லியது, மேல்பூச்சு வழுக்கும், புதுக்கட்டில் இரண்டு மூன்று சீட்டு ஒட்டிக்கொண்டு வரும். கலைக்கும்போது விளையாட்டுச் சீட்டு கலைப்பது போல் அடித்துக் கலைக்காமல், மேசையில் பரப்பி வட்டமாகத் துழாவினால் ஓரம் நையாது. வெள்ளைக் கரை கண்ணை உறுத்துகிறது என்பவர்களுக்குக் கரையில்லாப் பதிப்பும் இருக்கிறது. வெள்ளைக் கரை இல்லாதபோது பக்கத்து நிறங்களோடு ஒப்பிட்டே கண் பிங்க்கை அளக்கிறது, அதனால் அதே அச்சு அதில் ஒரு படி கூடுதலாகத் தெரியும். புதிதாக வாங்குபவர் யூனிவர்சலில் தொடங்கலாம், பழகிய பின் நூற்றாண்டுப் பதிப்புக்கு வரலாம். ஏற்கெனவே மஞ்சள் டப்பா வைத்திருப்பவர், கையெழுத்துத் தலைப்பும் கல் அச்சுப் புள்ளியும் வேண்டுமென்றால் மட்டும் இதற்குச் செலவழிக்கலாம். பிங்க்குக்காக மட்டும் என்றால் வேண்டாம்.